பேசலாம், ஆனால் கேட்டுவிட்டுப் பேசு!

விளையாட்டு வீரர்கள் அரசியல் பேசக் கூடாது என்று யார் சொன்னது? தாராளமாகப் பேசலாம். 2021 பிப்ரவரியில் பேசினார்களே! விவசாயிகள் தில்லி எல்லையில் குளிரில் கிடப்பதைப் பற்றிப் பாடகி ரிஹானா ட்விட்டரில் ஒரே ஒரு வரி எழுதினார். மறுநாளே சச்சின், கோலி, கும்ப்ளே, ரவி சாஸ்திரி என வரிசை கட்டி இறங்கினார்கள். ஹேஷ்டேக் உபயம்: வெளியுறவு அமைச்சகம். வெளியார் வேடிக்கை பார்க்கலாம், பங்கெடுக்கக் கூடாது என்றார் சச்சின். “ஆட்டத்தைப் பாருங்கள், உங்களுக்கெதற்கு அரசியல்?” என்று ஆட்சியிலிருந்த ஒருவராவது அதட்டினாரா?

சரி, வெளியார் வேண்டாம். சொந்த நாட்டுப் பெண்கள் பேசலாமா? 2023-ல் வினேஷ் போகத்தும் சாக்‌ஷி மாலிக்கும் ஜந்தர் மந்தர் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். மல்யுத்த சம்மேளனத் தலைவரும் பாஜக எம்.பி.யுமான பிரிஜ் பூஷண் மீதான பாலியல் புகாரை விசாரியுங்கள் என்பதுதான் கோரிக்கை. உடனே எல்லோருக்கும் ஒழுக்கம் ஞாபகம் வந்துவிட்டது. தெருவில் உட்காருவது ஒழுங்கீனம் என்றார் ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா. அவர் மாநிலங்களவையின் நியமன உறுப்பினர். அது அரசியலில் சேராது போலிருக்கிறது.

மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்துக்குள் தமிழ்நாட்டு ஆதீனங்கள் கொடுத்த செங்கோல் நிமிர்ந்து நின்றது. நீதி வளையாதிருக்கத்தான் அது என்று நமக்கு வகுப்பெடுத்தார்கள். அதே காலையில் வெளியே, தேசியக் கொடியோடு தார்ச்சாலையில் கிடந்த வினேஷைக் காவலர்கள் கையைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். கலவர வழக்கும் போட்டார்கள்.

மனம் பொறுக்காமல் 1983 உலகக் கோப்பை அணியினர் அறிக்கை விட்டார்கள். அந்த அணியின் ரோஜர் பின்னி, அன்றைய கிரிக்கெட் வாரியத் தலைவர், அவசரமாக ஒதுங்கிக்கொண்டார்: விளையாட்டையும் அரசியலையும் கலக்கக் கூடாதாம்! அவருடைய வாரியத்தின் செயலாளர் அப்போது உள்துறை அமைச்சரின் மகன். அகமதாபாத் மைதானத்தின் பெயர் நரேந்திர மோடி. சுத்தமான விளையாட்டு, ஒரு சொட்டு அரசியல் கலக்கவில்லை.

அந்த டிசம்பரில் பிரிஜ் பூஷணின் ஆளே சம்மேளனத் தலைவரானார். சாக்‌ஷி தன் காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டு மல்யுத்தத்தை விட்டே போனார். 2024-ல் பிரிஜ் பூஷணுக்குக் கட்சி சீட்டு தரவில்லை; மகனுக்குத் தந்தது. மகன் எம்.பி. வினேஷ் காங்கிரசில் சேர்ந்ததும் “பார்த்தீர்களா, எல்லாம் அரசியல்!” என்று கூவியதும் அதே கட்சிதான்.

விளையாட்டில் அரசியல் ஆகாது என்பவர்கள் முதலில் சம்மேளன நாற்காலிகளை விட்டு எழுந்திருக்கட்டும். அதுவரை வீரர்கள் பேசத்தான் செய்வார்கள். காது குடைந்தால் குடையட்டும்!