கல்லு எங்கடா தேயும்?

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது எங்கள் வீட்டில் பரீட்சைக் காலப் பழமொழி. முதலில் எனக்குச் சொன்ன அம்மா, இப்போது என் பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். அதே அம்மாவிடம், "சாணைக்கல் தேஞ்சு போச்சும்மா, புதுசு வாங்கலாம்" என்றால், "கல்லு எங்கடா தேயும்?" என்பாள். எறும்பு ஊர்ந்தால் தேயுமாம். அப்பா ஆயுசு முழுக்க அரிவாளும் கத்தியுமாக உரசினால் தேயாதாம்!

அந்தக் கல்லின் மேல் இரும்பு ஸ்கேலை நீளவாக்கில் வைத்தால், நடுவில் ஒரு கரப்பான்பூச்சி தலை குனியாமல் நுழைந்து வெளியே வரும். எட்டு அங்குலக் கல்லில் எங்கள் பரம்பரையே நடு மூன்று அங்குலத்தில்தான் உழைத்திருக்கிறது. இரண்டு முனைகளும் கடையில் வாங்கின மேனிக்கு அப்படியே இருக்கின்றன.

கடையில் விற்கும் கறுப்புக் கல் பெரும்பாலும் சிலிக்கன் கார்பைடு துகளை இறுக்கிச் சுட்டுக் கட்டியாக்கியது. மழுங்கின துகள் உதிர்ந்து, அடியிலிருந்து புதுத் துகள் தலைகாட்டினால்தான் இரும்பைக் கடிக்கும். ஆக, தேய்வதுதான் அதன் உத்தியோகம். ஆனால் பள்ளம் விழுந்துவிட்டால் கத்தியின் சாய்வு ஒவ்வொரு இழுப்புக்கும் மாறி, விளிம்பு உருண்டுவிடும். அப்புறம் கத்தி தக்காளியை நறுக்காது, நசுக்கும். "பேசாம ரசமே வெச்சிடறேன்" என்று என் மனைவி முடிவெடுத்தது அப்படித்தான்.

சமப்படுத்த வழி உண்டு. கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போடுங்கள். பெயின்டர்கள் வாங்கும் வாட்டர் பேப்பரில் 120 நம்பரைத் தடித்த கண்ணாடி மேல் விரித்து, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். முனைக் கோடுகள் முதலில் போகும். நடுக்கோடு அடம் பிடிக்கும். அதுவும் அழிந்தால் கல் சமம். (கண்ணாடிக்காக ஷோகேஸ் தட்டைக் கழற்றினேன். அதற்கு நடந்த விசாரணையைத் தனிக் கட்டுரையாக எழுத வேண்டும்.)

"இன்னொரு கல்லு வாங்கி ரெண்டையும் உரசுங்க சார்" என்றார் ஹார்டுவேர் கடைக்காரர். வியாபார புத்தி! அப்படி உரசினால் ஒன்று மேடாகவும் ஒன்று பள்ளமாகவும் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டு, இரண்டுமே சமமாகாமல் போகலாம், நாள்பட்ட தாம்பத்தியம் மாதிரி. சமதளம் வேண்டுமானால் மூன்று தகடுகளை மாற்றி மாற்றி ஒத்துப் பார்க்க வேண்டும் என்று ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1840-லேயே விளக்கிவிட்டார். மூன்றாவது ஆள் வந்தால் எல்லாம் சமமாகிவிடும் என்று நம்பிய அவருக்கு எங்கள் வீட்டு நிலவரம் தெரியாது.

எண்ணெய் ஏறி மழமழத்த கல்லை மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும் பெரும்பாலும் மீட்டுவிடும். விரிசல் விட்டாலோ, ஒரு பக்கம் நைஸும் மறுபக்கம் கரடுமாக ஒட்டிய கல்லில் நைஸ் பக்கம் தேய்ந்து கரடு எட்டிப் பார்த்தாலோ மாற்ற வேண்டியதுதான். எங்கள் கல்லில் கரடு எட்டிப் பார்த்தது மட்டுமல்ல, சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டது. புதுசு வாங்கியாயிற்று. பழசு கொல்லைக் கதவுக்கு முட்டுக்கல்லாக, அம்மாவின் நேரடிப் பாதுகாப்பில் இருக்கிறது.

புதுக் கல் வாங்குகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கத்தியை முனையிலிருந்து முனைவரை இழுங்கள். காசு கொடுத்தது எட்டு அங்குலத்துக்கும் சேர்த்துத்தான்.