ஜங்லிகாட் நிரோட்டகம்

போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் ஒருவனுக்குக் கன்னம் வீங்கினால் அது அவன் சொந்த விஷயம் இல்லை, தெருவுக்கே பாத்தியப்பட்டது. டீக்கடையில் ஒருவர், "கிராம்ப வச்சு அழுத்திக் கடிங்க தம்பி" என்றார். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். மீன் இறங்குதுறையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர், "உப்புத் தண்ணிக்கு அடுப்பு வேற பத்த வைக்கணுமா? அந்தா கெடக்கு கடல், போய் வாயத் தொற" என்று கை காட்டினார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி மட்டும் எந்த நோய்க்கும் தான் சொல்லும் ஒரே வைத்தியத்தைச் சொன்னார்: "மெயின்லேண்ட் போயிரு."

சென்னைக்குக் கப்பலில் 3 நாள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். ஆனால் டிக்கெட் விலையைப் பார்த்தால் நன்றாக இருக்கும் பற்களும் ஆடிவிடும். ஆகவே ஊருக்குள்ளேயே ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். தலையைச் சுற்றி ஒரு கருவி வலம்வந்து படம் எடுத்தது. கீழ்த்தாடையின் கடைக்கோடியில் இருந்த ஞானப்பல், நிமிர இடமில்லாமல், டிக்லிபூர் பஸ்ஸில் அடுத்தவர் தோளில் தூங்குகிறவரைப் போல முன்னால் இருந்த பல்லின்மேல் சாய்ந்து கிடந்தது. 17 வயதிலிருந்து 25க்குள் முளைக்க வேண்டியதாம். பாதி முளைத்துப் பாதி ஈறுக்குள் ஒளிந்த அதன் மடிப்பில் சோற்றுப் பருக்கை தங்கி, கிருமி குடியேறி, கன்னம் வீங்கியிருக்கிறது. கிராம்பும் பொய் இல்லை. அதிலுள்ள யூஜினால் வலியை மரக்கச் செய்யும். பல் டாக்டர்களே அதை வைத்திருக்கிறார்கள். சாய்ந்தவரை எழுப்பத்தான் அதற்குத் தெம்பு இல்லை.

முதலில் மாத்திரை, வீக்கம் வடிந்த பிறகு அறுவை என்றார். அதுவரை இரவுகள் இருந்தன. இந்தியக் கடிகாரம் ஓடுவது அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகையை வைத்து. எங்கள் சூரியன் அதற்குச் சுமார் 40 நிமிடம் முந்தியவன். டிசம்பரில் மாலை 5 மணிக்கே விளக்குப் போட்டாக வேண்டும். காலையில் சீக்கிரம் விடிந்து கணக்கு நேராகிவிடுகிறதே என்பார்கள். விடியும்தான், டாக்டரம்மா வருவது 10 மணிக்கு.

"பயப்படாத. செல்லுலார் ஜெயிலுக்கே 7 கிளை இருந்துச்சு, இன்னைக்கு 3தான் நிக்குது. போன எடத்துல 1963ல பந்த் ஆஸ்பத்திரியே வந்துருச்சு. உனக்கு 32ல ஒண்ணு" என்று அண்ணாச்சி தேற்றினார்.

அறுவை பற்றிச் சொன்னால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். வலி ஊசியோடு முடிந்தது. லிக்னோகெய்ன் போய்ச் சேர்ந்ததும் பாதி உதடும் பாதி நாக்கும் என் பெயரில் இல்லை. ஈற்றைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லை இரண்டாக அறுத்து, துண்டு துண்டாக எடுத்தார்கள். வலி இல்லை, அழுத்தம் உண்டு, சத்தம் மிக அதிகம்; தனக்குள்ளேயே தச்சுவேலை நடப்பதைக் கேட்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது. தையல் போட்டு, பஞ்சுத்துணியை வைத்து அரை மணி நேரம் கடிக்கச் சொன்னார். "துப்பக் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது, சிகரெட்டும் ஜர்தாவும் கூடவே கூடாது. குழியில் உறையும் ரத்தம்தான் மருந்து. அது பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும். மூன்றாம் நாளுக்கு மேல் வரும் வலி, இதுவரை வந்ததை வலி என்றே சொல்லவிடாது."

துப்பாமல் இருப்பதா, இந்த ஊரிலா? சுவருக்குச் சுவர் பான் சாறு சித்திரம் எழுதியிருக்கும் ஊரில், வாயோரம் சிவப்பாக நின்ற என்னை யாரும் நோயாளியாக மதிக்கவில்லை. "உள்ளே துப்பாதே பையா" என்று ஹிந்தியில் எச்சரித்துத்தான் ஆட்டோக்காரர் ஏற்றினார்.

எங்கே போகணும் என்றார். அங்கேதான் எனக்கு விடிந்தது. அபர்டீன், ஃபீனிக்ஸ் பே, டெலானிபூர், பாத்துபஸ்தி, எதைச் சொல்லவும் உதடு வேண்டும். போர்ட் பிளேருக்கு வேண்டும். 2024 செப்டம்பரில் அதற்குச் சூட்டிய ஸ்ரீ விஜய புரம் என்ற பெயருக்கும் வேண்டும். உதட்டின் தயவே இல்லாமல் "ஜங்லிகாட்" மட்டும் சுத்தமாக வந்தது. உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாடுவதை நிரோட்டகம் என்று நம் புலவர்கள் ஒரு வித்தையாகவே பழகினார்கள். சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன்மேல் ஓர் அந்தாதியே அப்படிப் பாடியிருக்கிறார். அவருக்கு முருகன் துணை, எனக்கு லிக்னோகெய்ன்.

மீன் வாங்கி வரச் சொல்லியிருந்தாள் மனைவி. வஞ்சிரம், இல்லையென்றால் பாரை. துறையில் நின்று இரண்டையும் முயன்றேன். மீன்காரம்மா, "எந்த பாஷைண்ணே பேசுறீங்க?" என்றாள். தமிழ், தெலுங்கு, வங்காளம், ஹிந்தி எல்லாம் புழங்கும் இடத்தில் அவளுக்கே தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். நிரோட்ட மீன்களைத் தேடினேன். சங்கரா இருந்தது, நெத்திலி இருந்தது. நெத்திலி என்றேன். மறுகணம் பையில் விழுந்தது.

உதடு திரும்ப 3 மணி நேரத்துக்கு மேல் ஆனது. வேருக்குக் கீழே ஓடும் நரம்பு நசுங்கினால் சிலருக்கு வாரக்கணக்கில் மரத்திருக்குமாம், அபூர்வமாக நிரந்தரமாகவும். அதற்குத்தான் அந்தப் படமே. முதல் நாள் கன்னத்தில் ஐஸ், மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீர். தெலுங்கு அம்மா ஜெயித்தார். இரண்டாம் மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்துக்குப் போய், வாய் ஒரு விரல் அகலத்துக்குமேல் திறக்க மறுத்தது. மூன்று விரல் போக வேண்டுமாம். தயிர்ச்சோற்றைக் குழைத்து விழுங்கினேன். நெத்திலியை மற்றவர்கள் மொறுமொறுவென்று வறுத்துத் தின்றார்கள். சத்தம் அடுத்த அறைவரை கேட்டது.

7ஆம் நாள் தையல் பிரித்தார்கள். திரும்புகிற வழியில் துறையில் இறங்கி, "வஞ்சிரம்" என்று கணீரென்று சொன்னேன். அவளும் விலையைக் கணீரென்று சொன்னாள். கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டேன்.