மிதக்க வேண்டியது கிரீம்

கே: காபியில் மதுவைக் கலப்பது காபிக்குச் செய்யும் துரோகம் இல்லையா? (கும்பகோணத்திலிருந்து ஒருவர்)

ப: காலையில் போட்ட டிகாஷனை சாயங்காலம் மறுபடி சுட வைத்து விருந்தாளிக்குக் கொடுக்கிறோமே, அதைவிடவா?

கே: வீட்டில் ஷேக்கர் கிடையாது, விதவிதமான கிளாஸும் கிடையாது. என்ன செய்யலாம்?

ப: ஐரிஷ் காபி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அயர்லாந்தின் ஃபாயின்ஸில், தண்ணீரில் இறங்கும் விமானங்களில் குளிரில் நடுங்கி வந்த பயணிகளுக்காக ஜோ ஷெரிடன் என்ற சமையற்காரர் போட்டது. கெட்டியான கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி, சூடேறியதும் கொட்டிவிடுங்கள். பால் விடாத சூடான காபி 120 மி.லி., சர்க்கரை ஒரு டீஸ்பூன், ஐரிஷ் விஸ்கி 50 மி.லி. சேர்த்துக் கலக்குங்கள். மேலே அரை அங்குலத்துக்குக் குளிர்ந்த கிரீம். நம் ஃபில்டர் டிகாஷன் என்றால் பாதிக்குப் பாதி வெந்நீர் விடலாம். அப்புறம் ஸ்பூனைத் தொடாதீர்கள். சில்லென்ற கிரீமுக்கு அடியிலிருந்து சூடான காபியை உறிஞ்சுவதில்தான் ருசி. மீசை வெளுக்கும், பரவாயில்லை.

கே: செய்து பார்த்தேன். கிரீம் தொபுக்கென்று அடியில் போய்விட்டது. கைராசி சரியில்லையோ?

ப: ராசியை விடுங்கள், சர்க்கரை போட்டீர்களா? சர்க்கரை காபியை அடர்த்தியாக்கும். விஸ்கி அதை லேசாக்கும். சர்க்கரையைக் குறைத்தால் கிரீம் மூழ்கத்தான் செய்யும். 1952இல் சான் பிரான்சிஸ்கோவின் புவனா விஸ்டா கஃபேயிலும் இதே கதைதான். உரிமையாளர் ஜாக் கெப்ளரும் பத்திரிகையாளர் ஸ்டான்டன் டெலாப்ளேனும் மாற்றி மாற்றிக் கலந்தும் கிரீம் மிதக்கவில்லை. பின்னாளில் அந்த ஊர் மேயரான ஜார்ஜ் கிறிஸ்டஃபர் அப்போது பால் வியாபாரி. கிரீமை 48 மணி நேரம் வைத்திருந்து, பிறகு அடித்து நுரைக்கச் செய்யுங்கள் என்ற யோசனை அவருடையது.

நமக்கு இரண்டு நாள் விரதமெல்லாம் வேண்டாம். ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த, இனிப்பில்லாத கிரீமை மூடி போட்ட பாட்டிலில் பாதி ஊற்றிக் குலுக்குங்கள். தோசை மாவுப் பதம் வந்ததும் நிறுத்துங்கள். இட்லி மாவுப் பதத்துக்குப் போனால் கேக்குக்குத்தான் ஆகும். ஸ்பூனைக் கவிழ்த்து, அதன் முதுகில் மெல்ல வழிய விடுங்கள்.

கே: கிரீமுக்குப் பதில் பாலாடை?

ப: மிதக்கும். உங்கள் உதட்டிலும்.

கே: எஸ்பிரெஸ்ஸோ மார்டினியில் மார்டினி எங்கே இருக்கிறது?

ப: கிளாஸின் வடிவத்தில். மைசூர்பாகில் மைசூர் இருக்கிற மாதிரி. 1980களில் லண்டனில் டிக் பிராட்செல் இதைக் கலந்தபோது வைத்த பெயர் ‘வோட்கா எஸ்பிரெஸ்ஸோ’. அது நேர்மையான பெயர். வோட்கா, காபி லிக்கர், சர்க்கரைப்பாகு, அப்போதே இறக்கிய காபி. ஐஸோடு பாட்டிலில் போட்டுக் கை மரக்கும் வரை குலுக்கி, டீ வடிகட்டியில் வடித்தால் தீர்ந்தது. ஃபில்டர் டிகாஷனில் நுரை கொஞ்சம் சோகையாக வரும். அரை ஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித் தூள் போட்டால் நிமிர்ந்துவிடும். இதை நான் சொன்னதாகக் கும்பகோணத்தாரிடம் சொல்ல வேண்டாம்.

கே: காபி போதையைத் தெளிய வைக்குமாமே! அப்படியானால் இதில் வரவும் செலவும் சரியாகிவிடுமே?

ப: தூக்கம்தான் தெளியும், போதை தெளியாது. தெளிந்துவிட்டதாக நினைத்து இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொள்வார்கள், அதுதான் வினை. காஃபின் சேர்த்த மதுவை டப்பாவில் விற்ற நிறுவனங்களை 2010இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை எச்சரித்ததும் இதனால்தான். ஒன்றோடு நிறுத்துங்கள், வண்டிச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

கே: நான் குடிப்பதில்லை. எனக்கு ஒன்றும் கிடையாதா?

ப: உயரமான டம்ளரில் ஐஸ், முக்கால் வரை டானிக் வாட்டர், அதன் மேல் சிக்கரி கலக்காத, ஆறிய டிகாஷன் இரண்டு மேசைக்கரண்டி. டிகாஷனை மெதுவாக விடுங்கள். அவசரப்பட்டால் பொங்கி மேசையெல்லாம் வழியும், துடைப்பதும் நீங்கள்தான்.