எந்த மண்ணு தம்பி?

போன ஞாயிற்றுக்கிழமை குடித்தது. நாக்கு இன்னும் வழிக்கு வரவில்லை. பில் வேறு சட்டைப் பையில் கிடக்கிறது. அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பெயரில் மலை இருக்கிறது, ஊரில் இல்லை. விருத்தாசலம் என்றால் பழமலை. திருவண்ணாமலைக்கும் மூத்தது என்று பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஜங்ஷனில் இறங்கி நாலு பக்கமும் பாருங்கள், ஏறி மூச்சு வாங்க ஒரு மேடு கிடையாது. அதனால், பெங்களூரில் இருக்கும் தங்கை மகன் “மாமா, நந்தி மலைப் பக்கம் ஒயின் தோட்டம் ஒண்ணு இருக்கு, டேஸ்டிங் ரூமோட” என்றதும் பஸ் ஏறிவிட்டேன். பழமலைநாதர் கோயிலில் கோபுரம் ஐந்து, தேர் ஐந்து, நந்தியும் ஐந்து. உள்ளூரில் ஐந்தை வைத்துக்கொண்டு ஒரு நந்திக்காக மாநிலம் தாண்டியது முதல் தப்பு.

கறுப்பு ஏப்ரன் கட்டிய தம்பி தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். சரிவில் தண்ணீர் நிற்காது, கொடி அரைத் தாகத்தில் கிடக்கும், அதனால்தான் பழம் சின்னதாக, ருசி கட்டிக்கொண்டு வரும் என்றார். கறுப்புத் திராட்சையை நசுக்கினால் சாறு கிட்டத்தட்ட வெள்ளைதான், சிவப்பெல்லாம் தோலிலிருந்து இறங்குவது என்றார். நல்ல விஷயம், ஒப்புக்கொள்கிறேன். நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதில் போடுவீர்களா என்று கேட்டேன். பட்டணத்துக்காரன் கிராமத்துச் சித்தப்பாவைப் பார்ப்பதுபோல் சிரித்து, “அது சாப்பிடற பழம் சார்” என்றார்.

டேஸ்டிங் ரூமில் ஐந்து கிளாஸ். ஒவ்வொன்றிலும் இருமல் மருந்து அளவுக்கு ஒயின். காம்பைப் பிடித்துச் சுழற்ற வேண்டும், மூக்கை உள்ளே விட வேண்டும். “செர்ரி வாசம் வருதா சார்?” என்றார். ஆமாம் என்றேன். நான் அறிந்த செர்ரி, பன்னின் தலையில் உட்கார்ந்திருக்கும் சாயம் போட்ட களாக்காய். “பழைய தோல்?” ஆமாம். “புகையிலை?” ஓ, பேஷாக. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து “தெரியுதா?” என்றால் நாம் என்ன சொல்கிறோமோ அதேதான்.

மூன்றாவது கிளாஸில்தான் வந்தது வினை. “மழை பேஞ்ச மண் வாசம்” என்றார்.

“எந்த மண்ணு தம்பி?”

“பொதுவா... மண்ணு சார்.”

பொதுவா மண்ணா! பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்காரனிடமா? நெய்வேலியில் நிலக்கரிக்குத் தோண்டும்போது வெளியே வந்த களி ஒரு மண். சீனாக்களி இன்னொரு மண். ஒன்று நனைந்தால் கிணற்றடி வாசம், மற்றது நனைந்தாலும் ஊமை. பாலாடை பதத்துக்குக் கரைத்த களியை மோல்டில் ஊற்றி, பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும்போது எழும் வாசம் வேறு. அதே கரைசல் ஒரு வாரம் தொட்டியில் கிடந்தால் வரும் வாடை வேறு, அதை எந்தக் கிளாஸிலும் ஊற்ற முடியாது. சூளையில் 1200 டிகிரியைத் தாண்டி வெந்து ஃபியூஸ் கட்டையாக வெளியே வந்தால் ஒரு வாசமும் இல்லை. கரிசலா, செம்மண்ணா? கோடை மழையா, ஐப்பசி அடைமழையா? பக்கத்தில் மாட்டுக்கொட்டகை உண்டா? என் தாத்தா ஒரு சிட்டிகை மண்ணை வாயில் போட்டுக் கடிப்பார். நறநறத்தால் மணல், வெண்ணெயாக வழுக்கினால் களி. கடித்ததும் துப்பிவிடுவார். அதற்கு யாரும் அவரிடம் காசு வாங்கியதில்லை.

இதையெல்லாம் நான் மனசுக்குள் சொல்லவில்லை, வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது தங்கை மகன் தொடையைக் கிள்ளியபோதுதான் தெரிந்தது. பக்கத்து மேசை ஜோடி சுழற்றுவதை நிறுத்திவிட்டிருந்தது.

தம்பி பேச்சை மாற்றப் பார்த்தார். “பிடிக்கலேன்னா இதுல துப்பிடலாம் சார்” என்று ஒரு ஜாடியை நகர்த்தினார். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, அசல் ஊறுகாய் ஜாடி! மாவடு போட வேண்டியதில் எச்சில் துப்பச் சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஜாடியைக் கண்டால் கை சும்மா இருக்குமா? விரல் முட்டியால் தட்டினேன். ‘டிங்’ என்று மணிபோல் ஒலிக்க வேண்டும், இது ‘டொப்’ என்றது. விரிசலாக இருக்குமோ என்று, எங்கள் ஊரில் எவனும் செய்வதைச் செய்தேன். அடியில் முத்திரை இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தேன்.

ஜாடி காலியில்லை. எங்களுக்கு முன்னால் வந்த கோஷ்டிக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை போலிருக்கிறது.

தங்கை மகன் போட்டிருந்தது வெள்ளை ஷூ. திரும்பும் வழியெல்லாம் அவன் பேசவில்லை.

வாசலில் ஆளுக்கொரு ஒயின் கிளாஸ் இலவசமாகக் கொடுத்தார்கள். அடியில் ஊர்ப் பெயர் எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன். அதில்தான் இப்போது என் மனைவி வெந்தயம் ஊறவைக்கிறாள்.