இரண்டாம் பாகத்துக்குப் பிசாசு தேவை

(ஒரு வீடியோ கேம் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வு அறை. மேசைக்கு ஒரு பக்கம் தயாரிப்பாளர். எதிரே, முதல் பாகத்தில் பெயர் வாங்கிய பிசாசு.)

தயாரிப்பாளர்: வாங்க, உட்காருங்க. முதல் பாகம் நல்லா ஓடிச்சு. ரெண்டாம் பாகத்துக்கும் உங்களையே போட்டுடலாம்னு இருக்கோம். ஆனா தனியா இல்லை, உங்களை மாதிரியே இன்னும் நாற்பது பேர்.

பிசாசு: நாற்பது பேரா? பயமுறுத்தவா சார், பந்தி பரிமாறவா?

தயாரிப்பாளர்: ஒரு பிசாசுக்கு ஒரு பங்கு பயம்னா, நாற்பதுக்கு நாற்பது பங்கு. கணக்கு சரிதானே?

பிசாசு: அந்தக் கணக்கை 2012-லயே போட்டுப் பாத்துட்டாங்க. ரெசிடென்ட் ஈவில் ஆறாம் பாகம். நாலு தனித்தனிக் கதை, நாடு நாடா வெடிச் சத்தம், பக்கத்துலயே ஒரு துணையாள்.

தயாரிப்பாளர்: பல மில்லியன் பிரதி வித்துச்சே!

பிசாசு: வித்துச்சு. பயந்தது யாரு? அதை வித்த கேப்காமே 2017-ல ஏழாம் பாகத்துக்கு லூசியானாவுல ஒரு பாழடைஞ்ச வீட்டுக்குள்ள போய்ப் புகுந்துக்கிச்சு. விளையாடறவனோட கண்ணுதான் கேமரா. அவனை விடாம துரத்த ஒரு குடும்பம்.

தயாரிப்பாளர்: (குறித்துக்கொள்கிறார்) செட்டு செலவு மிச்சம். சரி, ரெண்டாம் பாகத்துல புதுசா என்ன இருக்கணும்கிறீங்க?

பிசாசு: முதல் பாகத்துல அவன் கத்துக்கிட்டதைப் பொய்யாக்கணும். போன தடவை ஒண்ணும் தெரியாம வந்தான், பயம் எங்களுக்குச் சும்மா கிடைச்சுது. இந்தத் தடவை நான் எந்த மூலையில நிப்பேன், எத்தனை குண்டுல விழுவேன்னு மனப்பாடம் பண்ணிட்டு வர்றான். அந்த மனப்பாடத்துலதான் அவனை மடக்கணும். ரெசிடென்ட் ஈவில் முதல் ரெண்டு பாகத்துல, துரத்துற ஜோம்பிகிட்ட இருந்து கதவைத் தாண்டிட்டா தப்பிச்ச மாதிரி. 1999-ல மூணாம் பாகத்துல நெமிசிஸ்னு ஒரு அரக்கர் அதே கதவைத் திறந்துக்கிட்டுப் பின்னாலேயே வந்தார்.

தயாரிப்பாளர்: அப்போ நிறையக் கதவு வைக்கணும்!

பிசாசு: கதவு இல்லை சார், நம்பிக்கை வைக்கணும். வெச்சாத்தானே பறிக்க முடியும்? 2011-ல டெட் ஸ்பேஸ் ரெண்டாம் பாகம், முதல் பாகம் நடந்த அதே இஷிமுரா விண்கப்பலுக்கு நம்மளைத் திரும்பக் கூட்டிட்டுப் போகும். உள்ளே போய் ரொம்ப நேரத்துக்கு ஒரு ஜந்துவும் வராது.

தயாரிப்பாளர்: வராத ஜந்துவுக்கா காசு வாங்கினாங்க?

பிசாசு: போன தடவை இந்தத் திருப்பத்துலதானே ஒண்ணு பாஞ்சுச்சுன்னு அவனா நினைச்சு நினைச்சு வேர்க்கிறான். எங்க ஆளுங்களுக்கு லீவு. வேலையை அவன் ஞாபகமே பாத்துக்குது.

தயாரிப்பாளர்: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க!

பிசாசு: அந்தப் பழமொழியில பேய் வரவே இல்லை, கவனிச்சீங்களா?

தயாரிப்பாளர்: அதெல்லாம் அந்தக் காலம். இப்போ எங்க கிராபிக்ஸ்ல ஊர்க்கோடி வரைக்கும் பளிச்சுனு தெரியும்.

பிசாசு: 1999-ல சைலண்ட் ஹில் வந்தப்போ, தூரத்துல இருக்கிறதை வரைஞ்சு காட்ட பிளேஸ்டேஷனுக்குத் தெம்பு போதலை. அந்தக் குறையை மறைக்கத்தான் ஊரையே பனிமூட்டத்துல மூடினாங்க. 2001-ல ரெண்டாம் பாகத்துக்கு பிளேஸ்டேஷன் 2 வந்தாச்சு, தெம்பும் வந்தாச்சு. பனியை விலக்கினாங்களா? இன்னும் அழகாத் திரளவிட்டாங்க. ஜந்து கிட்ட வந்தா ரேடியோ கரகரக்கும். வருதுன்னு தெரியும், எந்தப் பக்கமிருந்துன்னு தெரியாது.

தயாரிப்பாளர்: கதை? முதல் பாகத்து நாயகனைத் தூக்கிட்டாங்களாமே?

பிசாசு: ஆமா. ஜேம்ஸ்னு ஒரு புது ஆளு, செத்துப்போன மனைவிகிட்ட இருந்து கடுதாசி வந்து அந்த ஊருக்கு வர்றான். அங்க அலையுற ஜந்துக்கள் எல்லாம் அவன் மனசுல இருக்கிற குற்றத்தோட வாரிசுங்க. அதுல பிரமிட் ஹெட்னு ஒருத்தர், அவனுக்குன்னே வந்த தண்டனை.

தயாரிப்பாளர்: அவருக்கு நல்ல மார்க்கெட். அப்புறம் நிறைய இடத்துல நடிச்சாரே!

பிசாசு: நடிச்சார். 2017-ல சூப்பர் பாம்பர்மேன் ஆர்-ங்கிற கேம்ல குட்டிப் பொம்மையா குண்டு வெச்சுக்கிட்டுத் திரிஞ்சார். ஜேம்ஸ் இல்லாத இடத்துல அவர் இரும்புத் தொப்பி மாட்டின ஆளு, அவ்வளவுதான்.

தயாரிப்பாளர்: சரி, நீங்க பளிச்சுனு தெரியவும் கூடாது, கூட்டமா வரவும் கூடாது. வேற எப்படித்தான் வருவீங்க?

பிசாசு: காலடிச் சத்தமா வருவேன். நேர்ல வர்றது மூணு தடவைதான். 2019-ல ரெசிடென்ட் ஈவில் ரெண்டாம் பாகத்தைத் திரும்பச் செஞ்சாங்களே, அதுல போலீஸ் ஸ்டேஷன் முழுக்க மிஸ்டர் எக்ஸ்னு ஒரு ராட்சசர் நடந்துக்கிட்டே இருப்பார். தம் தம்னு மேல்மாடியில கேக்கும். சுட்டா கொஞ்ச நேரம் மண்டிபோடுவார், சாகமாட்டார். இருக்கிற நாலு குண்டை அவர்மேல செலவழிக்கிறதா, அடுத்த அறை ஜோம்பிக்கு வெச்சுக்கிறதா? அந்த யோசனையிலதான் சார் உயிர் போகும்.

தயாரிப்பாளர்: (எழுந்து நின்றுவிடுகிறார்) குண்டு தட்டுப்பாடு! அருமை! குண்டு தீர்ந்தவன் நம்ம கடையில காசு கொடுத்து வாங்கிக்கட்டும்!

பிசாசு: அதையும் செஞ்சு பாத்தாச்சு. 2013-ல டெட் ஸ்பேஸ் மூணாம் பாகம். எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே ரகக் குண்டு. தளவாடம் போதலைன்னா நிஜப் பணத்துக்கே வாங்கிக்கலாம். காசுள்ளவனைப் பேய் அண்டாதுன்னு ஆயிடுச்சு. நாலாம் பாகத்தைத்தான் இன்னும் காணோம்.

தயாரிப்பாளர்: சரிங்க, நீங்க சொன்னபடியே. ஒரே பிசாசு, கொஞ்சம் பனி, கொஞ்சம் குண்டு. இந்தாங்க ஒப்பந்தம்.

பிசாசு: (படிக்கிறது) மூணு காட்சிக்கு மட்டும்தான் சம்பளமா?

தயாரிப்பாளர்: மூணு தடவைதானே வருவேன்னீங்க?

பிசாசு: நான் வராத நேரத்துக்குத்தான் சார் சம்பளமே.

தயாரிப்பாளர்: அதை அக்கவுண்ட்ஸ்ல போய் எந்தக் கணக்குல எழுதச் சொல்றது? விடுங்க, மூணாம் பாகத்துல சேர்த்துக் கொடுத்துடறோம். அடுத்த பக்கம் பாருங்க.

பிசாசு: "மூன்றாம் பாகத்தில் பிசாசு மனம் திருந்தி, நாயகனுக்குத் துணையாக..." சார், இது என்ன?

தயாரிப்பாளர்: பிள்ளைங்களுக்கு உங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சுங்க. பொம்மை போடணும்ல?