பரோலோவுக்கு எந்த சீஸ்? கேள்வி – பதில்

கே: சிவப்பு ஒயினில் 'ஸ்ட்ராங்' என்பது நிறத்தை வைத்தா?

ப: நிறம் ஏமாற்றும். இத்தாலியின் வடமேற்கில், பீட்மாண்ட் பகுதியின் மலைச்சரிவுகளில் விளையும் நெப்பியோலோ திராட்சையிலிருந்து வருவது பரோலோ. கிளாஸில் ஊற்றினால் வெளிறிய சிவப்பு. வாயில் வைத்தால் ஈறு வரை இழுத்துப் பிடிக்கும். ஒயினின் பலம் துவர்ப்பிலும் புளிப்பிலும் ஆல்கஹாலிலும் இருக்கிறது. பரோலோவில் ஆல்கஹால் குறைந்தது 13 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் 38 மாதங்கள், அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில், காத்திருந்த பிறகே அது கடைக்கு வரலாம்.

கே: இவ்வளவு காத்திருந்தும் துவர்ப்பு போகவில்லையே?

ப: போகக் கூடாது, பரோலோவின் முதுகெலும்பே அதுதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின்தான் துவர்ப்புக்குக் காரணம். கடுக்காயைக் கடித்தால் வாய் வறண்டுபோவதும் இந்த இனப் பொருளால்தான். டானின் எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்ள, நாக்கின் வழுவழுப்பு மறைந்துவிடுகிறது. இங்கேதான் சீஸ் உதவிக்கு வருகிறது. அதில் புரதமும் கொழுப்பும் ஏராளம். டானின் அவற்றைப் பிடித்துக்கொள்ள, எச்சில் தப்பிக்கிறது. சீஸின் உப்பு, ஒயினின் கசப்பையும் அடக்குகிறது.

கே: அப்படியானால் எந்த சீஸானாலும் சரிதானே?

ப: இல்லை. கெட்டியான, நாள்பட்ட சீஸ்தான் பரோலோவுக்கு ஈடு கொடுக்கும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ குறைந்தது 12 மாதங்கள் முதிர்ந்தது. 24 மாதங்களைக் கடந்ததென்றால் இன்னும் பொருத்தம். சுமார் 40 கிலோ எடையுள்ள அதன் ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 550 லிட்டர் பால் வேண்டும். அவ்வளவு பாலின் சாரம் டானினைத் தாங்கும். பரோலோ விளையும் கூனேயோ மாகாணத்திலேயே, மலைக் கிராமங்களில் உருவாகும் காஸ்டெல்மாஞோவும் நல்ல ஜோடி. தொட்டால் உதிரும், வாயில் காரமாக நிற்கும். அதே மாகாணத்தின் பிரா நகரில் 1997 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சீஸுக்கென்றே திருவிழா நடக்கிறது என்றால், அந்த மண்ணின் பற்று புரியும்.

பிரீ, காமம்பேர் போன்ற மென்மையான சீஸ்களின் வெள்ளைத் தோல், டானினோடு சேரும்போது உலோகக் கசப்பு தட்டும். நீலப் பூஞ்சை சீஸ்களுக்கோ இனிப்பு ஒயின் வேண்டும்: ரோக்ஃபோருக்கு சொத்தேர்ன், ஸ்டில்டனுக்குப் போர்ட்.

கே: சீஸ் ஒயினின் சுவையைக் கூட்டுமா, மறைக்குமா?

ப: பெரும்பாலும் மறைக்கும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற சுவைஞர்கள் எட்டு வகை சீஸ்களைத் தின்றபின் சிவப்பு ஒயின்களைச் சுவைத்தார்கள். துவர்ப்பு குறைந்தது, கூடவே பழ மணமும் மர மணமும் அமுங்கின. வெண்ணெய் மணம் மட்டும் கூடியது. ஆகவே முரட்டு இளம் பரோலோவுக்குத்தான் சீஸ் பெரிய உபகாரம். பல ஆண்டு முதிர்ந்த அரிய பாட்டிலுக்கு உரிய மரியாதை, முதல் கிளாஸைச் சீஸ் இல்லாமல் குடிப்பது.

கே: ஐந்து நண்பர்கள் கூடினால் ஏற்பாடு எப்படி?

ப: 750 மில்லி பாட்டில், தலைக்கு 150 மில்லியாக ஒரு சுற்றுக்குச் சரியாக வரும். இளம் பரோலோவை ஓரிரு மணி நேரம் முன்பே அகன்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றிக் காற்றாட விட வேண்டும். ஒயின் 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் இருப்பது நல்லது. நம்மூர் அறையின் வெப்பம் அதற்கு மிக அதிகம், எனவே சிறிது நேரம் ஃபிரிட்ஜ் தேவை. சீஸுக்கு நேர்மாறு: ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்தால்தான் மணம் எழும். இரண்டு வகை சீஸ், ரொட்டி, வால்நட் போதும். ஏழெட்டு வகை அடுக்கினால் எதன் சுவையும் மனதில் நிற்காது. பேச்சும் தட்டைச் சுற்றியே ஓடும்.

கே: மீந்தால்?

ப: ஒயினை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பார்மிஜானோவின் கெட்டித் தோலை இத்தாலியர்கள் காய்கறி சூப்பில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள்.