பல்லு வைத்த சொனிக்கும் பத்துத்தலை இராவணனும்

குச்சவெளியில் பஸ் ஏறித் திருகோணமலைப் பக்கம் போகிறவர் இராவணனிடம் இருந்து தப்பவே முடியாது. கோணேசர் மலையில் பிளவு தெரிந்தால் அது இராவணன் வெட்டு. கன்னியாவில் தண்ணீர் சுட்டால் அது இராவணன் தாயின் அந்தியேட்டிக்காகத் தோன்றிய ஏழு கிணறு. யாரைக் காட்டினால் சனம் கை தட்டும் என்று எங்கள் தலபுராணக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஹொலிவூட்காரருக்கு வீடியோ கேம் விசயத்தில் இது விளங்கப் பல காலம் பிடித்தது. 1993இல் சுப்பர் மாரியோவைப் படமாக்கினார்கள். குழாய்க்குள் புகுந்து இளவரசியை மீட்க ஓடும் மீசைக்காரப் பிளம்பர், அவ்வளவுதான் விளையாட்டு. இதில் கதை எங்கே என்று தலையைப் பிய்த்தவர்கள், டைனசோரில் இருந்து கூர்ப்படைந்த மனிசர் வாழும் இருட்டு நகரம் ஒன்றையே கட்டிவிட்டார்கள். மாரியோவாக நடித்த பொப் ஹொஸ்கின்ஸுக்கு, இது வீடியோ கேம் என்பதே மகன் சொல்லித்தான் தெரிந்ததாம்!

அடுத்த வருசம் ஸ்ட்ரீட் ஃபைட்டர். விளையாட்டில் தல்சிம் ஒரு இந்திய யோகி: கை நீளும், வாயால் நெருப்புத் துப்புவார், கழுத்தில் மண்டையோட்டு மாலை. படத்தில் அவரை ஆய்வுகூட விஞ்ஞானி ஆக்கினார்கள். நடித்தவர் ரோஷன் சேத், ‘காந்தி’ படத்தில் நேருவாக வந்தவர். நேருவிடம் போய் நெருப்புக் கேட்கலாமா? விளையாட்டின் நாயகன் றியூவோ போலித் துப்பாக்கி விற்கும் சில்லறைக் கள்ளன்.

2019 ஏப்ரலில் சொனிக் வீடியோ கேம் படத்தின் ட்ரெயிலர் வந்தது. நீல முள்ளெலிக்கு மனிசப் பல்லு. சனம் போட்ட கூச்சலில் இயக்குநர் ஜெஃப் ஃபௌலர் உருவத்தையே மாற்றுவதாக அறிவித்தார். நவம்பரில் வரவிருந்த படம் 2020 பெப்ரவரிக்குத் தள்ளிப்போனது. அன்றைக்கு ரசிகன் முதலாளியானான். பிறகு ஒரே படையல்தான். 2023 மாரியோவில் பழைய மெட்டு, பழைய கார் ஓட்டம், பழைய குரங்கு எல்லாம் வரிசையாக வந்தன. வசூல் 130 கோடி டொலருக்கு மேல். 2025 மைன்கிராஃப்ட் படத்தில் கோழிமேல் குட்டிச் சோம்பி ஏறியதும் தியேட்டரில் சோளப்பொரி பறந்தது.

கன்னியாக் கிணறுகள் தோன்ற இராவணன் பூமியில் வாளை ஊன்றினான் என்றால், பின்னால் ஒரு தாய்ச் சாவு இருக்கிறது. இராமாயணம் தெரியாதவனுக்கும் அது விளங்கும். கோழிமேல் சோம்பி ஏறியதற்கு ஏன் கை தட்டுகிறார்கள் என்று, விளையாடாதவனுக்கு யார் சொல்வது?

1993 மாரியோ குப்பைதான். ஆனால் படத்துக்குக் கதை ஒன்று வேண்டும் என்று நினைத்தவர்கள் கொட்டிய குப்பை. என்னுடைய வோட்டு அதற்குத்தான்.